அவராகப் போகவில்லை

தலைவரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். ஓட்டல் மாடியில், பெரிய திரைக்கு முன்னால், மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மைக்கில் சொன்னீர்கள்: “அண்ணன் போன ஜூன் மாசமே உடம்பு முடியாம, அவராவே சங்கத்துலேர்ந்து ஒதுங்கிட்டாரு.” அவராக ஒதுங்கவில்லை. நீங்கள் ஒதுக்கினீர்கள். ஒதுக்கியதை அவரிடம் சொல்லக்கூட இல்லை.

முன்வரிசையில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். நீங்கள் கூப்பிட்டதால் வந்தவர். அதுவரை அழுதுகொண்டிருந்தவருக்கு, நீங்கள் அதைச் சொன்னதும் அழுகை நின்றுவிட்டது. கூட்டம் முடிந்து என் ஆட்டோவில் ஏறினார். திருவொற்றியூர் தேரடி வந்ததும் கேட்டார்: “ஜூன்லயே நின்னுட்டாருன்னா, அதுக்கப்பறம் ஒவ்வொரு மேட்சுக்கும் சங்கத்துக்குப் போறேன்னு சொல்லிட்டு எங்க போனாரும்மா?”

ஒரு மனிதன் செத்த பிறகு அவன் பெண்டாட்டி மனதில் இப்படி ஒரு கேள்வியைப் போட்டுவிட்டீர்கள். அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன். எழுதிப் பழக்கம் இல்லை. நான் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவள். திருவொற்றியூருக்கும் ராயபுரம் கல்மண்டபத்துக்கும் இடையில் பகல் முழுவதும் போய்வந்துகொண்டிருப்பேன். பள்ளிக் கால்பந்து அணியில் ரைட் அவுட் ஆடியிருக்கிறேன். கல்யாணத்துக்குப் பிறகு பந்து காலை விட்டுப் போய்விட்டது, கண்ணை விட்டுப் போகவில்லை.

எங்கள் கிளப் இங்கிலாந்தில் ஒரு துறைமுக ஊர்க் கால்பந்துக் கிளப். பெயரை எழுதவில்லை, எழுதினால் படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். சாம்பியன் ஆகிற கிளப் இல்லை. ராயபுரத்தில் நாற்பது ஐம்பது பேர் ரசிகர் சங்கம் வைத்து ஏன் அதைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறோம் என்று வெளியாட்கள் கேட்பார்கள். அண்ணன் ஒரே பதில் வைத்திருந்தார். டிவியில் மைதானத்தைச் சுற்றிக் காட்டும்போது கூரைக்குப் பின்னால் துறைமுகக் கிரேன்கள் தெரியும். “அத்தோ பாரு, கிரேன் தெரியுது. நம்ம ஊரு மாதிரியே கீது. வேற இன்னா வோணும்?”

அவர் கன்டெய்னர் யார்டில் மெக்கானிக். மீனும் மருந்தும் போகிற குளிர்பெட்டிகளைப் பழுது பார்க்கிறவர். நாள் முழுக்க அந்தக் குளிரில் நுழைந்து நுழைந்து வெளியே வருவதால் மே மாத வெயிலிலும் தலையில் கம்பளிக் குல்லாவோடு அலைவார். கையைக் கொடுத்தால் ஐஸ்கட்டியைத் தொட்ட மாதிரி இருக்கும். குல்லாவைப் பார்த்துச் சிரிக்காத ஆள் கிடையாது. முதுகுக்குப் பின்னால் சிரித்தால் திரும்பி வருவார். “மூஞ்சப் பாத்து சிரி நைனா, நானும் சிரிக்கிறேன்” என்பார்.

அவரிடம் இருந்தது அது ஒன்றுதான். எதுவானாலும் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். நல்லதோ கெட்டதோ, சம்பந்தப்பட்டவன் காதில் விழாமல் ஒருவனைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஏன் இப்படி என்று கேட்டிருக்கிறேன். சின்ன வயதில் ஏதாவது நடந்திருக்கும் என்று கயிற்றுக்கடை சலீம் பாய் சொல்வார். அவரைக் கேட்டதற்கு, “மூஞ்சி எதுக்குக் கீது?” என்றார். அவ்வளவுதான்.

பந்தாட்டத்தில் பெரிய ஞானி என்று நினைக்க வேண்டாம். அவர் கணிப்பு ஒன்றும் பலித்ததில்லை. கோடையில் கிளப் யாரையாவது வாங்கியதும் “இவன் தேறுவான்” என்பார். அந்த ஆள் கிறிஸ்துமஸுக்குள் காலை உடைத்துக்கொள்வான், இல்லை பெஞ்சில் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். “அண்ணன் வாய வச்சிட்டாரு, ஆளு காலி” என்று எல்லோரும் அவர் எதிரிலேயே சொல்வோம். எதிரில் சொன்னதால் அவருக்கு அதில் வருத்தமில்லை.

சங்கம் அப்போது சலீம் பாயின் கயிற்றுக்கடை மாடியில் நடந்தது. ராயபுரம் ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரம். கீழே படகுக்கு வேண்டிய நைலான் கயிறு, மிதவை, வலை. மேலே ஒரு டிவி, பிளாஸ்டிக் நாற்காலிகள், மூலையில் சுருட்டி வைத்த கயிறுகள். நாற்காலி கிடைக்காதவன் கயிற்றுச்சுருள் மேல் உட்காருவான். ஆட்டம் முடிந்து எழுந்தால் பின்புறம் வரிவரியாகப் பதிந்திருக்கும்.

நான் முதல்முறை போனபோது பெண் என்று யாரும் இல்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டாம் வாரம் படிக்கட்டில் பேசிக்கொண்டார்கள். ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தால் வாய்விட்டுத் திட்ட முடியவில்லை, ஆட்டம் ருசிக்கவில்லை என்று. அவர் காதில் விழுந்துவிட்டது. இடைவேளையில் என்னைக் கூப்பிட்டு எல்லோருக்கும் எதிரில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். “இந்தாம்மே, இங்க குந்து. இவனுங்க உன்னாண்ட ஒண்ணு சொல்லணுமாம்.” அவர்களைப் பார்த்து, “சொல்லுங்கப்பா. படிக்கட்டுல சொன்னீங்களே, அத்த சொல்லுங்க” என்றார். எனக்குக் காது சுட்டது. யாரும் சொல்லப்போவதில்லை என்று தெரிந்ததும் நானே சொன்னேன்: “கெட்ட வார்த்த எனக்குத் தெரியாததா? ஆட்டோ ஓட்றேன். நீங்க திட்டுங்க, தப்பா திட்டுனா நான் சொல்லித் தர்றேன்.” அன்று இரண்டாம் பாதியில் நடுவரை அதிகம் திட்டியது நான்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு இல்லை.

அந்த நாற்காலி எங்கள் சங்கத்தின் பழக்கம். வேறு எந்த ரசிகர் சங்கத்திலும் இருக்குமா என்று தெரியவில்லை. சீசன் முடிந்ததும் மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிறு மாலை கோடைக் கூட்டம் போடுவோம். யாரை வாங்க வேண்டும், யாரை விற்க வேண்டும் என்று கிளப் முதலாளிகள் மாதிரி உட்கார்ந்து சண்டை போடுவோம். வாங்கச் சொல்வதற்கு விதி எதுவும் இல்லை. விற்கச் சொல்வதற்கு உண்டு. எந்த ஆட்டக்காரனை விற்கச் சொல்கிறாயோ, அவனாக ஒருவர் நாற்காலியில் உட்காருவார். அவரைப் பார்த்து, காரணத்தோடு, நீ போ என்று சொல்ல வேண்டும். அவர் பதில் சொல்வார். பதிலுக்குப் பதில் சொல்ல முடியவில்லை என்றால் நீ சொன்ன விற்பனை செல்லாது. பெரும்பாலும் நாற்காலியில் உட்கார்ந்தது அவர்தான்.

என் முதல் கோடையில் பின்வரிசையில் தடுத்து ஆடுகிற வயதான ஸ்டாப்பரை விற்கச் சொன்னேன். அவர் குல்லாவைச் சரி செய்துகொண்டு உட்கார்ந்தார்.

“நான்தான் ஸ்டாப்பரு. இன்னா கொற?”

“ஓட முடியல உன்னால.”

“செரி. ஓட முடியல. எங்க போவணும் நான்?”

“எங்கயாவது போ.”

“எங்கயாவதுன்னு ஒரு கிளப் கீதா? ஊரு பேரு சொல்லு.”

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. போன சீசனில் எந்தெந்த கோல் அவனால் விழுந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். அவர் தலையைக் குனிந்து கேட்டார். கடைசியில், “நீ சொல்றது கரீட்டு. நான் போறேன். ஆனா உன்ன மாதிரி என்னாண்ட வந்து சொன்னவங்க ஆருமில்ல” என்றார். விளையாட்டுதான். இருந்தாலும் எங்கோ இங்கிலாந்தில் இருக்கிற ஒருவனை நான் வீட்டை விட்டு அனுப்பிவிட்ட மாதிரி இருந்தது.

எந்த டிரான்ஸ்பர் செய்தி வந்தாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான். எத்தனை கோடி, எத்தனை வருஷம் என்று நாங்கள் அடித்துக்கொள்வோம். அவர், “அவனாண்ட சொன்னாங்களாமா?” என்பார். ஒரு கோல்கீப்பரை விற்ற செய்தி அவனுக்கே டிவியில் பார்த்துத்தான் தெரிந்தது என்று யாரோ சொன்னபோது, கையிலிருந்த டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இந்தக் குணம் எப்போதும் இனிப்பாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். கசந்ததும் உண்டு. ஜெகன் விஷயத்தைச் சொல்கிறேன்.

ஜெகன் மாநகராட்சியில் கொசு மருந்து அடிக்கிறவன். சாது. அவன் வந்தால் கிளப் தோற்கிறது என்று எப்படியோ ஒரு பேச்சு கிளம்பியது. பந்து பார்க்கிறவர்களின் பைத்தியம் அது. தொடர்ந்து தோற்றபோது அவனுக்கு ஆட்ட நேரத்தைத் தப்பாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். அவன் வந்து சேரும்போது ஆட்டம் முடிந்திருக்கும். “நேரம் மாத்திட்டான்டா” என்பார்கள். நம்பினான். அவன் இல்லாமலும் தோற்றோம், அது வேறு விஷயம்.

அவருக்கு இது தெரியவந்த அன்று, மாடியில் இருந்த அத்தனை பேரையும் இறக்கி ஜெகன் வீட்டுக்கு நடத்திக்கொண்டு போனார். மீனவர் சந்து. சின்ன வீடு. ஜெகன் என்னமோ ஏதோ என்று ஸ்டூல் எடுத்துப் போட்டான். “ஆரும் குந்த வேணாம்” என்றார் அவர். “நேரம் தப்பா சொன்னவன் முன்ன வா. ஏன் சொன்னேன்னு அவனாண்ட சொல்லு.” தலைவரே, அன்று முன்னால் வந்து சொன்னது நீங்கள்தான். ‘நீ வந்தா ராசி இல்ல ஜெகா’ என்று முனகினீர்கள். ஜெகன் கேட்டது ஒன்றுதான்: “எல்லாருக்கும் தெரியுமா?” தெரியும் என்றார் அவர். ஜெகன் ஸ்டூலை உள்ளே எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே அவன் அம்மா என்னடா என்று கேட்பது வெளியே கேட்டது.

திரும்பி வரும் வழியில் அவரோடு சண்டை போட்டேன். அவனுக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம், நாமாகத் திருந்தியிருக்கலாம், வீடு தேடிப் போய் அறைந்த மாதிரி ஆயிற்று என்றேன்.

“முன்ன எல்லாருக்கும் தெரியும், அவனுக்கு மட்டும் தெரியாது. இப்ப அவனுக்கும் தெரியும். ரெண்டுல எது கலீஜு, சொல்லு.”

எனக்கு அது சரி என்று தோன்றவில்லை. ஜெகன் அந்த சீசன் முழுக்க வரவில்லை. அடுத்த சீசனில் ஒருநாள் வந்தான், கயிற்றுச்சுருள் மேல் உட்கார்ந்தான். நாங்கள் கோல் வாங்கியதும் கையைத் தூக்கி, “நான்தான்பா, நான்தான்” என்றான். மாடி இடிந்துவிழுகிற மாதிரி சிரிப்பு. அவர் மட்டும் சிரிக்கவில்லை. போய் ஜெகன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

போன வருஷ மே மாதத்துக்கு வருகிறேன். எங்கள் கிளப் லீக்கில் ஏழாம் இடத்தில் முடித்தது. ஐரோப்பியப் போட்டிக்குப் போக ஏழாம் இடம் போதாது. ஆனால் ஒரு வழி இருந்தது. கோப்பை இறுதி ஆட்டத்தில், ஏற்கெனவே ஐரோப்பாவுக்குத் தகுதி பெற்ற அணி ஜெயித்தால், கோப்பைக்கான இடம் கீழே இறங்கி எங்களுக்கு வரும். அந்த அணி எங்கள் பரம எதிரி. அவர்கள் பெயரைச் சொன்னாலே துப்புகிறவர்கள் நாங்கள். அன்று அவர்கள் ஜெயிக்க வேண்டும். எல்லோர் மனதிலும் அதுதான். ஆனால் வாயைத் திறக்க ஒருவனுக்கும் மனம் வரவில்லை. சும்மா ஆட்டம் பார்க்க வந்தவர்கள் மாதிரி நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் எழுந்தார். “இன்னா எல்லாரும் ஊமையாயிட்டீங்க? எனக்கு அந்த நாய்ங்க ஜெயிக்கணும். சொல்லிட்டேன். நீ சொல்லு” என்று ஒவ்வொருவராகக் கையைக் காட்டினார். வரிசையாகச் சொன்னோம், கசப்பு மருந்து குடிக்கிற முகத்தோடு. எதிரி ஜெயித்தான். சலீம் பாய் அழுதுவிட்டார். எங்கள் கிளப் ஐரோப்பாவுக்குப் போகிறது என்பதை யாரும் நம்பவில்லை.

அந்த சந்தோஷத்தில்தான் எல்லாம் கெட்டது. ஐரோப்பிய ஆட்டங்கள் வியாழக்கிழமை, நம் ஊருக்கு நடுராத்திரி. கயிற்றுக்கடையில் கூட்டம் போட்டால் சந்தில் இருக்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். நீங்கள் ஒரு வழி கொண்டுவந்தீர்கள். தண்டையார்பேட்டையில் புதிதாகத் திறந்த ஓட்டல். மாடியில் ஏசி ஹால், பெரிய திரை. ஓட்டல்காரர் இலவசமாகத் தருவார், நாம் அங்கே சாப்பிட வேண்டும், ஆள் சேர்க்க வேண்டும். கோடைக் கூட்டத்துக்கு ஓட்டல்காரரையே அழைத்து வந்தீர்கள். எல்லோருக்கும் சிக்கன் தட்டு. புது ஸ்டாப்பர் வேண்டும், வாரத்துக்கு இரண்டு ஆட்டம் ஆட இந்த அணி தாங்காது, லெப்ட் அவுட்டை விற்றுவிட்டு இரண்டு பேர் வாங்கலாமா என்று பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. ஓட்டல்காரரும் பேசினார். சின்ன வயசிலிருந்தே இந்தக் கிளப்பின் வெறியன் என்றார்.

“ஸ்டாப்பரு பேரு இன்னா?” என்று அண்ணன் கேட்டார்.

ஓட்டல்காரர் சிரித்தார். தெரியவில்லை.

“நைனா, நீ பந்துக்காவ வர்ல. கூட்டத்துக்காவ வந்துகிற. ஏவாரம் பண்றது தப்பில்ல. அத்த சொல்லிட்டுப் பண்ணு. இந்த வெறியன் கதெல்லாம் வேணாம்.”

திட்டவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். ஓட்டல்காரர் முகம் செத்துப்போனது. நீங்கள் அவரைக் கையைப் பிடித்துக் கீழே அழைத்துக்கொண்டு போனீர்கள். அண்ணன் தன் தட்டில் இருந்த சிக்கனைக் கடைசிவரை சாப்பிட்டு, “நல்லாக்கீது” என்று ஜன்னல் வழியாகக் கீழே பார்த்துச் சொன்னார். அதையும் நேராகத்தான் சொன்னார்.

அடுத்த வாரம் வாட்ஸப்பில் புதுக் குழு ஒன்று வந்தது. புதுப் பெயர், ஓட்டல் படம். பழைய குழுவில் இருந்த எல்லோரையும் சேர்த்திருந்தீர்கள், அவரையும் சலீம் பாயையும் தவிர. பழைய குழுவை நீங்கள் கலைக்கவில்லை. கலைத்தால் கேள்வி வரும். அப்படியே விட்டுவிட்டீர்கள். அதில் அவர் மட்டும் பேசிக்கொண்டிருந்தார். அவர் டைப் அடிக்க மாட்டார், குரலில்தான் அனுப்புவார். பின்னால் குளிர்பெட்டி மோட்டார் சத்தம் கேட்கும். “புது ஸ்டாப்பரு வாங்கிட்டானுங்க போல. இவன் தேறுவான்.” “இன்னாப்பா, ஒருத்தரும் வாயத் தொறக்கல? டிரான்ஸ்பர் டென்ஷனா?” “லெப்ட் அவுட்ட விக்கிறானாம். அவனாண்ட சொன்னாங்களாமா?” எல்லோரும் கேட்டார்கள். கேட்டதற்கு அடையாளம் நீலமாக விழும் இல்லையா, அவர் போனில் விழுந்தது. ஒருவனும் பதில் போடவில்லை. நான் போட்டேன். நானும் அவரும் மட்டும் பேசுகிற இடமாக ஆகிவிட்டது அது.

புதுக் குழுவில் நான் கேட்டேன், தலைவரே. அண்ணனை ஏன் சேர்க்கவில்லை என்று எல்லோர் எதிரிலும் கேட்டேன். நீங்கள் எனக்குத் தனியாகப் பதில் போட்டீர்கள்: ‘கொஞ்சம் பொறும்மா, ஓட்டல்காரர் சூடு ஆறட்டும்.’ நான் பொறுக்கவில்லை. சவாரியை விட்டுவிட்டு யார்டு வாசலுக்குப் போனேன். குல்லாவோடு வெளியே வந்தார். நடந்ததைச் சொன்னேன்.

“தலைவன் உன்னாண்ட சொல்லி அனுப்சானா?”

“இல்ல.”

“அப்ப இது கோள் மூட்றது. எனக்கு வேணாம்.”

“அண்ணா, உன்ன கழட்டி வுட்டுட்டாங்க. புரியுதா உனக்கு?”

“கழட்டி வுட்டவன் வந்து சொல்லட்டும். அதுவரிக்கும் நான் மெம்பருதான்.”

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. எத்தனையோ பேருக்கு எவ்வளவோ நேராகச் சொன்ன மனிதன், நான் நேராகச் சொன்னதை வாங்கிக்கொள்ள மறுத்துவிட்டார். முடிவு செய்தவன் வாயிலிருந்துதான் வர வேண்டுமாம். சரி என்று ஆட்டோவில் ஏற்றி உங்கள் டைல்ஸ் கடைக்கே கொண்டுவந்தேன். வந்தோம் இல்லையா? டீ வரவழைத்தீர்கள். புது மாடல் டைல்ஸ் காட்டினீர்கள். அவர் நின்றபடியே கேட்டார்.

“நைனா, நான் வேணாம்னா வேணாம்னு சொல்லு. கோச்சுக்க மாட்டேன். எய்ந்து போய்டுவேன். சொல்லு.”

நீங்கள் சிரித்தீர்கள். அவர் தோளில் கையைப் போட்டீர்கள். “உங்கள வேணாம்னு யாருண்ணே சொல்லுவா? போன் மாத்துனதுல நம்பர் விட்டுப்போச்சு. இன்னைக்கே சேத்துடறேன்.”

அன்று சேர்க்கவில்லை. அதற்குப் பிறகும் சேர்க்கவில்லை. ஆனால் வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் அவர் சொன்னது இதுதான்: “சொல்லலியே. அப்ப நான் கீறேன்.” சந்தோஷமாகச் சொன்னாரா, இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். குல்லாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அதைக் கழற்றி நான் பார்த்ததே இல்லை.

ஆகஸ்ட்டில் சீசன் தொடங்கியது. நீங்கள் எல்லோரும் ஓட்டல் ஹாலில். அவர் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வீட்டில் “சங்கத்துக்குப் போறேன்” என்று சொல்லிவிட்டு, திருவொற்றியூரில் ரயில் ஏறி, ராயபுரத்தில் இறங்கி, கயிற்றுக்கடை மாடிக்கு வந்தார். நாற்காலிகளைப் பிரித்துப் போட்டார். ஒன்றிரண்டு இல்லை, எல்லாவற்றையும். சலீம் பாய் சில நாள் கூட இருப்பார். ஜெகன் சில நாள் வந்தான். நானும் ஓட்டல் ஹாலை விட்டுவிட்டு, சவாரி முடிகிற நாளெல்லாம் போனேன். மற்ற நாட்களில் அவர் மட்டும்தான். வியாழக்கிழமைகளுக்காகப் பாய் சாவியையே கொடுத்துவிட்டார். ஐரோப்பாவில் எங்கள் கிளப் அடித்த முதல் கோலை அவர் யாருமில்லாத மாடியில் பார்த்தார். அதைப் பழைய குழுவில் குரலில் அனுப்பினார். அந்த முறை மோட்டார் சத்தம் இல்லை. “போட்டான். போட்டான்பா” என்று மட்டும் இருந்தது. நீங்களும் கேட்டீர்கள். அவர் போனில் பார்த்தேன், உங்கள் பெயரும் அந்த நீலத்தில் இருந்தது.

‘இது சங்கம் இல்லண்ணா, காலி மாடி’ என்று ஒருமுறை அவரிடம் சொன்னேன். “சங்கத்த மாத்திட்டோம்னு ஆரும் என்னாண்ட சொல்லலியே” என்றார். பிடிவாதமா, பாவமா, உங்களைக் கூனிக்குறுக வைக்கிற வழியா, எனக்கு இன்றும் தெரியாது. அவர் பக்கத்தில் உட்காரச் சில நாள் பயமாகக்கூட இருந்தது. ஒரு மனிதன் ஒரு வார்த்தைக்காக இப்படியா காத்திருப்பான் என்று.

பொங்கல் முடிந்த வாரம் யார்டில் விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. அடுத்த ஆட்டத்தன்று ஓட்டல் ஹாலில் நீங்கள் படம் வைத்தீர்கள், மாலை போட்டீர்கள், எல்லோரையும் எழுந்து நிற்கவைத்தீர்கள், மைக் பிடித்தீர்கள். அவர் உயிரோடு இருந்தவரை அவருக்குச் சொல்லாத ஒன்றை, செத்த பிறகு மாற்றிச் சொன்னீர்கள்.

அவர் மனைவியை மறுநாளே கயிற்றுக்கடைக்கு அழைத்துப் போனேன். சலீம் பாய் மாடியைத் திறந்து காட்டினார். “இங்கதாம்மா வருவாரு. எல்லா மேட்சுக்கும் வந்தாரு. அல்லா மேல ஆணையா” என்றார். அந்த அம்மா அறையைப் பார்த்தார். நம்பினார். எங்கே போனார் என்ற கேள்வி அதோடு போயிற்று. அடுத்தது வந்தது. “அப்ப இவர அனுப்பிட்டாங்களா, இவரே போனாரா? அனுப்பினாங்கன்னா இன்னா தப்பு பண்ணாரு?”

எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். ஓட்டல்காரர், புதுக் குழு, டைல்ஸ் கடை, எல்லாம். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “அந்தத் தம்பி மைக்குல சொன்னத அத்தினி பேரும் கேட்டாங்க. என் மச்சாண்டார், இவரோட கூடப்பொறந்த அண்ணன், வந்திருந்தாரு, அவரும் கேட்டாரு. நீ சொல்றத நான் மட்டும்தானம்மா கேக்கறேன்.”

தெருவில் இப்போது என்ன பேசுகிறார்கள் தெரியுமா, தலைவரே? ஏழு மாதமாக சங்கத்துக்குப் போகாத மனிதன் சங்கம் என்று சொல்லிவிட்டு எந்த வீட்டுக்குப் போனான் என்று பேசுகிறார்கள். சொந்தக்காரர்கள் அந்த அம்மா இல்லாத நேரத்தில் பேசுகிறார்கள், அவர் வந்ததும் நிறுத்துகிறார்கள். உங்கள் ஒரு வாக்கியம் செய்த வேலை அது.

உங்களுக்கு இது காதில் விழுந்திருக்கிறது. அதனால்தான் போன வாரம் எனக்குப் போன் செய்தீர்கள். அந்த அம்மாவைத் தனியாகப் பார்த்துப் பேசிவிடுகிறேன், பெரிதாக்க வேண்டாம், கிளப் பெயர் கெட்டுவிடும் என்றீர்கள். எந்தக் கிளப் பெயர்? இங்கிலாந்தில் இருக்கிறவனுக்கு உங்களையும் தெரியாது, என்னையும் தெரியாது. இங்கே பெயர் கெட்டுப்போய் நிற்பது ஒரே ஒரு ஆள்தான். அவரால் வந்து பேச முடியாது.

தனியாகப் பேச வேண்டாம். மைக்கில் சொன்னதை மைக்கிலேயே திருத்துங்கள்.

இந்த வருஷம் நாம் ஒன்பதாம் இடம். ஐரோப்பா இல்லை. கோடைக் கூட்டத்தில் பேச ஒன்றும் இல்லை என்று நினைத்திருப்பீர்கள். இருக்கிறது. வருகிற ஞாயிறு ஓட்டல் ஹாலுக்கு அந்த அம்மா வருகிறார். அவர் மச்சாண்டாரும் வருகிறார். சலீம் பாயும் ஜெகனும் வருகிறார்கள். நான்தான் அழைத்து வருகிறேன். எந்த ஆட்டக்காரனைப் பற்றியும் பேசுவதற்கு முன்னால், அந்த அம்மாவைப் பார்த்து மூன்று விஷயம் சொல்லுங்கள். அவராகப் போனாரா, நீங்கள் நீக்கினீர்களா? நீக்கினீர்கள் என்றால் எதற்காக? டைல்ஸ் கடையில் அவர் நேராகக் கேட்டபோது ஏன் சொல்லவில்லை?

சொல்லாமல் உங்களை யாரும் அந்த ஹாலை விட்டு இறங்க விட மாட்டோம். பதில் சொல்லுங்கள், தலைவரே.